10,000 முத்துகள், நூற்றுக்கணக்கான விரல்கள்... ராணியின் கவுனுக்கு மணி கோத்த நார்மன் ஹார்ட்னெலின் கதை!

2020 ஜூலை. உலகமே கொரோனாவில் முடங்கிக் கிடந்த நேரம். இங்கிலாந்து இளவரசி பீட்ரிஸுக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினர்களை மட்டும் வைத்துச் சத்தமில்லாமல் கல்யாணம் நடந்தது. போட்டோ வெளியானதும் எல்லோர் கண்ணும் போனது அவர் போட்டிருந்த கவுன் மேல்தான். காரணம், அது புது கவுன் இல்லை. பாட்டியின் பழைய கவுன்! 1962-ல் `லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் முதல் காட்சிக்கு ராணி எலிசபெத் போட்டுக்கொண்டு போனது. அதை வாங்கி, புதுசாகக் கை மட்டும் வைத்து, அளவைக் கொஞ்சம் சரிசெய்து பேத்திக்குப் போட்டுவிட்டார்கள். மேல்பாகம் முழுக்கக் கையால் தைத்த கற்கள் 58 வருஷம் கழித்தும் பளபளவென்று மின்னின.

இப்போ உங்க அலமாரியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. போன தீபாவளிக்கு வாங்கின குர்த்தியில், கழுத்தோரம் ஒட்டியிருந்த கல்லில் எத்தனை மிச்சம் இருக்கு? இரண்டு தடவை வாஷிங் மெஷினுக்குள் போய் வந்தால் பாதி காணாமல் போயிருக்கும். ஒட்டினதுக்கும் தைத்ததுக்கும் உள்ள வித்தியாசம் அது.

அந்தக் கவுனை உருவாக்கியவர் நார்மன் ஹார்ட்னெல். பீட்ரிஸ் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பே இறந்துபோனவர். `தி கிரௌன்' வெப் சீரிஸ் பார்த்தவர்கள் அவர் வேலையை மறுஉருவாக்கமாகப் பார்த்திருப்பீங்க. பேரைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

1901 ஜூன் 12-ல் லண்டனின் ஸ்ட்ரெத்தம் பகுதியில் பிறந்தார். அரச குடும்பத்துக்கும் அவர் வீட்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட இல்லை. அப்பா, அம்மா நடத்தியது `கிரௌன் அண்ட் செப்டர்' என்ற மதுக்கடை. பேரில் மட்டும்தான் கிரீடம் இருந்தது! பையனைக் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க அனுப்பினார்கள். அவர் அங்கே பாடப்புத்தகத்தைவிட மாணவர் நாடகக்குழுவில்தான் அதிகம் இருந்தார். நாடகத்துக்கு உடை வரைந்து கொடுத்தார். லண்டன் பத்திரிகையில் ஃபேஷன் பத்தி எழுதும் ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டுப் பாராட்டி எழுத, அவ்வளவுதான். டிகிரி வாங்காமலேயே கேம்பிரிட்ஜை விட்டு வந்துவிட்டார்.

ஆனால், லண்டனில் யாரும் ரத்தினக் கம்பளம் விரிக்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு டிசைனர், ஹார்ட்னெல் வரைந்த படங்களைத் தன்னுடைய பத்திரிகைப் பத்தியில் அனுமதியில்லாமல் போட்டுக்கொள்ள, விவகாரம் கோர்ட் வரை போனது. கிரெடிட் கொடுக்காமல் போஸ்ட் போடுவது இன்ஸ்டாகிராம் காலத்துப் பிரச்னை என்று நினைத்துக்கொண்டிருந்தால், அதற்கு நூறு வயசு.

1923-ல் அப்பாவும் சகோதரி ஃபில்லிஸும் கைகொடுக்க, புரூட்டன் தெரு 10-ம் நம்பர் வீட்டில் சொந்தக் கடை. அப்போது அவருக்கு வயசு 21, 22. இந்தத் தெருவை ஞாபகம் வைச்சுக்கோங்க. மூன்று வருஷம் கழித்து, 1926 ஏப்ரலில், இதே தெருவில் 17-ம் நம்பர் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் ராணி எலிசபெத் ஆன குழந்தை! சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

அவருக்கு முதல் தடை, அவர் இங்கிலாந்துக்காரர் என்பதே. நல்ல கவுன் என்றால் பாரிஸில்தான் தைக்க வேண்டும் என்று லண்டன் பணக்காரப் பெண்கள் நம்பிய காலம் அது. சரி, பாரிஸுக்கே போய்க் காட்டிவிடலாம் என்று 1927-ல் தன் உடைகளை அங்கே கொண்டுபோய் அரங்கேற்றினார். அதன்பிறகுதான் உள்ளூரிலும் மதிப்பு கூடியது. நம்ம ஊரில் `ஃபாரின் ரிட்டர்ன்' ஆனால்தானே மரியாதை, அதே கதைதான்.

அவருடைய அடையாளம் மணிகள். கழுத்தோரம், கையோரம், கீழோரம் எங்கே துணி முடிகிறதோ அங்கே பீட்ஸும் முத்தும் கல்லும் சமிக்கியும் வரிசை கட்டும். எளிமைதான் அழகு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவருடைய சில கவுன்களைப் பார்த்தால் கண்ணுக்கு இளைப்பாற இடமே இருக்காது. ஆனால், அந்த ஓரங்களை மட்டும் தனியாக உற்றுப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

மணி ஓரம் வெறும் அலங்காரம் இல்லைங்க. அதற்கு வேலை இருக்கிறது. புடவையில் ஏன் ஃபால்ஸ் தைக்கிறோம்? ஓரத்துக்குக் கொஞ்சம் கனம் கிடைத்தால்தான் கொசுவம் நேராக விழும். கண்ணாடி மணியும் அப்படித்தான். மெல்லிய ஷிஃபான் துணியின் கீழோரத்தில் ஒரு வரிசை மணி தைத்தால், துணி காற்றில் பறக்காமல் அழகாகத் தொங்கும். ஆடும்போது ஒரு நொடி தாமதித்து அசையும். 1920-களின் நடன உடைகளின் ரகசியமே அந்த அசைவுதான். கனம் அளவு மீறினால் அதுவே எமன். ஹேங்கரில் மாட்டி வைத்தால் மணியின் எடையே தோள்பட்டையைக் கிழித்துவிடும். அதனால்தான் மியூசியங்களில் அந்தக் காலத்து மணி உடைகளை மாட்டாமல், பெட்டிக்குள் படுக்கப்போட்டு வைக்கிறார்கள். உங்க அம்மாவோ அக்காவோ வைத்திருக்கும் கனமான ஆரி ப்ளவுஸையும் மடித்தே வையுங்க.

ஆரி என்றதும் ஒரு விஷயம். ஐரோப்பாவில் `டாம்பூர்' என்று சொல்கிற கொக்கி ஊசி எம்பிராய்டரி, 18-ம் நூற்றாண்டில் இந்தியா பக்கமிருந்து போனது. நம்ம ஆரி ஊசியின் சொந்தக்கார வேலைதான். பிரான்ஸில் லூனேவில் என்ற ஊரில், 19-ம் நூற்றாண்டில் அதே கொக்கியை வைத்து மணி கோத்துத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டுவது, டிசைனைத் தாளில் வரைந்து ஊசியால் துளையிட்டு, பொடியைத் தேய்த்துத் துணிக்கு மாற்றுவது, இதெல்லாம் நம்ம ஊர் ஆரி கிளாஸில் சொல்லிக்கொடுப்பதேதான். ஐரோப்பாவின் பெரிய தையற்கூடங்களிலும் முறை இதுதான். துணியை வெட்டித் தைப்பதற்கு முன்பே மணி வேலை நடக்கும். உடையாக இணைத்த பிறகு, தையல் சேருகிற இடத்தில் இடைவெளி தெரியாமல் இருக்க, விட்டுப்போன மணிகளை ஒவ்வொன்றாகக் கையால் தைத்து மூடுவார்கள். சில மணிகளுக்கு ஒரு முடிச்சு. நூல் அறுந்தாலும் நாலு மணிதான் உதிரும், முழு வரிசையும் உதிராது.

1933-ல் மார்கரெட் விகாம் என்ற லண்டன் அழகிக்குக் கல்யாணம். கவுனின் பின்னால் தரையில் இழுபட்ட நீளம் மட்டும் 28 அடி! சுமார் முப்பது பெண்கள் சேர்ந்து, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்களை வெட்டி வைத்து, கண்ணாடி மணிகள் கோத்துத் தைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் தேவாலயம் இருந்த சாலையில் போக்குவரத்தே நின்றுபோனது. அதன் விலை 52 பவுண்டு. முப்பது பேரின் உழைப்புக்கு எவ்வளவு கூலி போயிருக்கும் என்று கணக்குப் போட்டால் மனசு சங்கடப்படுகிறது. அந்தக் கவுன் இப்போது லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

1935-ல் அரச குடும்பக் கல்யாணம் ஒன்று கிடைத்தது. மணப்பெண் தோழிகளாக வந்த குட்டிப் பெண்களில் ஒருவர் எலிசபெத். அங்கிருந்து அரண்மனைக் கதவு திறந்தது.

வெள்ளைக்கு மாறிய 1938

அந்த வருஷம் ராஜாவும் ராணியும் (இது நம்ம எலிசபெத்தின் அம்மா, அவர் பெயரும் எலிசபெத்தான்) பாரிஸுக்கு அரசு முறைப் பயணம் கிளம்ப இருந்தார்கள். ஹார்ட்னெல் கலர் கலராக உடைகள் தயாரித்து முடித்திருந்தார். கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் ராணியின் தாயார் இறந்துவிட்டார். பயணம் மூன்று வாரம் தள்ளிப்போனது. துக்கத்தில் இருப்பவர் கலர் போட முடியாது. கறுப்பும் ஊதாவும் போட்டுக்கொண்டு பாரிஸின் கோடைக்கால விருந்துக்கும் போக முடியாது. வெள்ளையும் அரச குடும்பத்துக்குத் துக்க நிறம்தான் என்று எடுத்துச் சொன்னார் ஹார்ட்னெல். துக்கத்துக்கு வெள்ளை கட்டுவதைப் பார்த்த நமக்கு இது புதுசில்லை. ஐரோப்பாவில் பலருக்கும் அது மறந்தே போயிருந்தது.

இரண்டு, மூன்று வாரத்துக்குள் மொத்த உடைகளையும் வெள்ளையில் மறுபடி தைத்தார்கள். ஃபேஷனின் தலைநகரம் வாயைப் பிளந்தது. பாரிஸ்காரர்கள் முன்னால் நின்று நிரூபிக்க வேண்டிய எதையும் அதற்குப் பிறகு அவர் பாக்கி வைக்கவில்லை.

உடனே யுத்தம் வந்தது. துணிக்கு ரேஷன். நூலும் உழைப்பும் வீணாகக் கூடாது என்று எம்பிராய்டரிக்கே தடை போட்டது பிரிட்டிஷ் அரசு. மணிகளை மட்டும் நம்பி வாழ்ந்தவர் என்ன செய்வார்? தூரிகையை எடுத்தார். ராணியின் வெள்ளை சாட்டின் கவுன்களில் லைலாக் பூமாலைகளைக் கையாலேயே பெயின்ட் செய்து கொடுத்தார். இன்னொரு பக்கம், சாதாரணப் பெண்கள் வாங்கக்கூடிய ரேஷன் கால எளிய உடைகளையும் டிசைன் செய்தார். எளிமை பிடிக்காதவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1947-ல் யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. எலிசபெத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊரே பற்றாக்குறையில் இருக்கும்போது இளவரசி எப்படிப் பட்டும் முத்துமாகப் போவார்? அரசாங்கம் கூடுதலாகக் கூப்பன் கொடுத்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து பெண்கள் தங்கள் துணிக் கூப்பன்களைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். அடுத்தவர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டப்படி தப்பு என்பதால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பட்டு எங்கிருந்து என்று அடுத்த கிளப்பல். எதிரி நாடுகளான ஜப்பான், இத்தாலியின் பட்டுப்புழு நூலா என்று பத்திரிகைகள் கேட்டன. விசாரித்ததில் சீனாவின் புழுக்கள் என்று தெரிந்து எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஒரு புழுவுக்குக் குடியுரிமை விசாரணை நடந்தது அநேகமாக அப்போதுதான்!

முத்து? உள்ளூரில் கிடைக்கவில்லை. ஹார்ட்னெலின் மேனேஜர் அமெரிக்காவிலிருந்து 10,000 சின்ன முத்துகளைக் கொண்டுவந்தார். சுங்கத்தில் கேட்டபோது ஒளிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். இளவரசியாவது, கவுனாவது என்று பிடித்து வைத்துக்கொண்ட அதிகாரிகள், வரி கட்டிய பிறகுதான் விட்டார்கள். நேர்மை என்றால் இதுவல்லவா.

இத்தாலிய ஓவியர் பொட்டிச்செல்லியின் வசந்த காலத்தைச் சொல்லும் பிரபலமான ஓவியம்தான் அந்தக் கவுனுக்கு விதை. யுத்தம் முடிந்த ஊருக்கு வசந்தம் வருகிறது என்று சொல்ல நினைத்தார் ஹார்ட்னெல். ரோஜா, ஆரஞ்சுப் பூ, கோதுமைக் கதிர் என்று முத்தாலும் கிரிஸ்டலாலும் வளர்ந்தன. கையில் இருந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு. சுமார் 350 பெண்கள் வேலை செய்ததாகச் சொல்கிறார்கள். டிசைன் வெளியே கசியாமல் இருக்க தையற்கூடத்து ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டினார்கள். 20 நவம்பர் அன்று உலகம் பார்த்தது ஒரே ஒரு பெண்ணை. ஃப்ரேமுக்கு இரண்டு பக்கமும் குனிந்து உட்கார்ந்து முதுகு வலித்தவர்களில் ஒருவர் பெயர்கூட அன்றைய கூட்டத்துக்குத் தெரியாது.

இடது பக்கத்தில் ஓர் இலை

அடுத்தது 1953 முடிசூட்டு விழா. இதற்கு ஒன்பது டிசைன்கள். எட்டாவதில் பிரிட்டனின் நான்கு பகுதிகளின் அடையாளங்கள் இருந்தன. ராணிக்குப் பிடித்திருந்தது. ஆனால், காமன்வெல்த் நாடுகளின் பூக்களையும் சேர்க்கச் சொன்னார். கல்யாணக் கவுன் மாதிரி வெறும் வெள்ளையாக இல்லாமல் கலரும் வேண்டும் என்றார். ஒன்பதாவது பிறந்தது அப்படித்தான்.

வேல்ஸ் நாட்டுக்கு அழகான டஃபோடில் பூவை வரைந்து வைத்திருந்தார் ஹார்ட்னெல். விதிமுறை பார்க்கும் அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. வேல்ஸின் சின்னம் லீக், அதையே வைக்க வேண்டும் என்றார். லீக் என்பது வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்கறி. ராணி கவுனில் வெங்காயத்தாளா! மனசே இல்லாமல் வீட்டுக்குப் போனவர், அதைப் பச்சைப் பட்டிலும் வைரம் போன்ற கற்களிலும் மாற்றி மாற்றி வரைந்து கடைசியில் நகை மாதிரி ஆக்கிவிட்டார்.

கனடாவுக்கு மேப்பிள் இலை, ஆஸ்திரேலியாவுக்கு வாட்டில் பூ, நியூஸிலாந்துக்குப் பெரணி, பாகிஸ்தானுக்குக் கோதுமையும் பருத்தியும் சணலும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரை. இரண்டுக்கும் ஒரே பூ என்பதால் ஒன்றுபோல் இருக்கக் கூடாது என்று மணிகளின் வகையை மாற்றித் தைத்தார்கள். எம்பிராய்டரி தெரிந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு நுணுக்கமான யோசனை என்று. பாவாடைப் பகுதி மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கின் வளைவு வளைவான ஓரத்திலும் தங்க நிறக் குழல் மணி, கல், முத்து என்று மாறி மாறி வரிசைகள். அந்த ஓரங்கள் இல்லையென்றால் இத்தனை பூக்களும் சேர்ந்து திருவிழாக் கூட்டமாகியிருக்கும். பாத்தி கட்டி நிறுத்தியவை அவைதான்.

கனம் பிரச்னை இங்கேயும் வந்தது. இவ்வளவு மணியும் ஜரிகையும் ஏறினால் சாட்டின் தொய்ந்துவிடுமே? உள்ளே டஃபேட்டா துணி கொடுத்து, அதற்கும் கீழே குதிரைமுடியால் நெய்த விறைப்பான துணியை மூன்று அடுக்கு வைத்தார். வெளியே மின்னுவதைத் தாங்கியதெல்லாம் உள்ளே இருந்த முரட்டுத் துணிதான்.

இன்னொரு விஷயத்தை அவர் ராணிக்கே சொல்லவில்லை. பாவாடையின் இடது பக்கம், கை தொங்கினால் விரல் படுகிற இடத்தில், அதிர்ஷ்டத்துக்காக ஒரு நான்கு இலைக் குளோவரைத் தைக்க வைத்திருந்தார். 27 வயசுப் பெண் அத்தனை கனமான கிரீடத்தையும் பொறுப்பையும் சுமக்கப் போகிற அன்றைக்கு, தையற்காரரால் செய்ய முடிந்தது அது.

ஜூன் 2 அன்று பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கும் அதிகமானவர்கள் டி.வி-யில் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளை டி.வி! அத்தனை மாதம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வண்ணங்களில் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கவுனை ராணி மறுபடியும் சில தடவை போட்டார். 1954 ஏப்ரலில் கொழும்பில், இலங்கை நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க அதோடுதான் வந்தார். சித்திரை வெயில். கண்ணாடியும் உலோக ஜரிகையும் சூடேறி, அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது அவர் நிலைமை. லண்டன் குளிரில் உட்கார்ந்து இலங்கைத் தாமரையைத் தைத்தவர்கள் இலங்கை வெயிலைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள்!

அதற்கப்புறம் காலம் மாறியது. 60-களில் மினி ஸ்கர்ட் வந்தது. கடையில் தொங்குவதை எடுத்துப் போட்டுக்கொண்டு போகும் தலைமுறை வந்தது. ஓர் ஓரத்துக்கு மணி தைக்க வாரக்கணக்கில் உட்காரும் கைகளுக்குச் சம்பளம் கொடுக்க, அந்த அளவு பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் வேண்டும். அவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வாசனைத் திரவியம், ரெடிமேட் என்று என்னென்னவோ விற்றுப் பார்த்தார் ஹார்ட்னெல். கணக்கு எப்போதுமே அவருக்குக் கைவரவில்லை. பணத் தட்டுப்பாடு கடைசி வரை விடவில்லை. ஆனால், மணிகளை மெஷினுக்கு மாற்றி ராணிக்குக் கொடுக்க அவர் நினைக்கவே இல்லை.

1977-ல் அவருக்கு `சர்' பட்டம் கிடைத்தது. பிரிட்டனில் ஒரு ஃபேஷன் டிசைனருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. பட்டம் வாங்க அரண்மனைக்குப் போனவருக்கு ஓர் ஆச்சர்யம் காத்திருந்தது. பட்டம் கொடுக்க ராணி, தன் அம்மாவை அனுப்பியிருந்தார். 1938-ல் அம்மாவைப் பறிகொடுத்த துக்கத்தோடு, அவர் தைத்த வெள்ளை உடைகளில் பாரிஸில் இறங்கிய அதே எலிசபெத்.

இரண்டு வருஷம் கழித்து, 1979 ஜூன் 8-ம் தேதி, 78-வது பிறந்தநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது ஹார்ட்னெல் இறந்துபோனார். சசெக்ஸ் பக்கம் கிளேட்டன் என்கிற சின்ன கிராமத்துத் தேவாலயத்தில், அம்மாவுக்கும், முதல் கடை போடக் கைகொடுத்த சகோதரிக்கும் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.